உரேமா ஏரிக்கரையில்: கொம்பில்லாத தாய்மார்

மொசாம்பிக்கின் பதினாறாண்டு உள்நாட்டுப் போர் கோரோங்கோசா காட்டை எப்படித் துடைத்தெடுத்தது என்பதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். அந்த வாரங்களைத் தவறவிட்டவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளவும். இந்த வாரம் காட்டுநாய்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன், எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஒரு பெண் யானையின் முகம் குறுக்கே வந்து நின்றுகொண்டு நகர மறுக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிதெங்கோ முகாமிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் திறந்த ஜீப்பில் உரேமா சமவெளிக்குப் போகும் வழி அது. மஞ்சள் பட்டை போர்த்திய வேல மரங்கள் இருபுறமும் நின்றன. வழிகாட்டி திடீரென்று வண்டியை ஓரம்கட்டி இன்ஜினை அணைத்தார். மரங்களுக்கிடையே பெண் யானைகளும் குட்டிகளுமாக ஒரு கூட்டம். எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவள்தான் மூத்தவள். தந்தம் வெளியே வர வேண்டிய இடத்தில் அவளுக்குத் தோல் தட்டையாக இறங்கியிருந்தது. புடைப்பு இல்லை, துளை இல்லை. கண்ணுக்குக் கீழே முகம் சட்டென்று ஒடுங்கித் துதிக்கையாகிவிட்டது. ஒரு கிளையை ஒடித்து வாய்க்குள் குறுக்காகத் திணித்து, கடைவாய்ப் பற்களாலேயே பட்டையை உரித்தாள். உரித்த கட்டை வெள்ளையாகக் கீழே விழுந்தது. பக்கத்தில் நின்ற இளையவளுக்குக் குட்டையாக இரண்டு தந்தங்கள் இருந்தன.

இதில் என்ன அதிசயம் என்று நம் ஊர்க்காரர்கள் கேட்பார்கள். நம் காடுகளில் பிடிக்குத் தந்தம் வெளியே தெரிவதில்லை, களிற்றுக்குத்தான் கொம்பு. கொம்பில்லாத களிற்றை மக்னா என்கிறோம். 2023இல் தருமபுரிப் பக்கம் பிடித்து ஆனைமலையில் கொண்டுபோய் விட்ட மக்னா ஒன்று கோவை வரை நடந்தே வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இலங்கையிலோ ஆண் யானைகளிலேயே தந்தம் உள்ளவை நூற்றுக்குப் பத்து தேறுவது கஷ்டம். ஆப்பிரிக்க யானையின் கதை வேறு. அங்கே ஆண், பெண் இரண்டுக்குமே தந்தம் உண்டு. தந்தமில்லாமல் பிறக்கும் பெண் அபூர்வம்.

கோரோங்கோசாவில் அது அபூர்வம் இல்லை. அதோடு, அங்கே தந்தமில்லாதவை அத்தனையும் பெண்கள். தந்தமில்லாத ஆண் ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை. நம் மக்னாவுக்கு நேர் தலைகீழ். இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்தாட்டியது இந்தத் தலைகீழ்தான்.

1972இல் கோரோங்கோசாவில் 2,500க்கும் மேற்பட்ட யானைகள் இருந்தன. 2000இல் எண்ணியபோது 250கூட இல்லை. போரின் இரு தரப்பும் யானையைச் சுட்டன. இறைச்சி படைக்குச் சோறானது, தந்தம் விற்றுத் துப்பாக்கி வாங்கப்பட்டது. சுடுகிறவன் முதலில் தந்தம் உள்ளதைத்தான் குறிவைப்பான். போருக்கு முன் அங்கே பெண் யானைகளில் தந்தமில்லாதவை 18.5 சதவீதம். போரைத் தாண்டி உயிரோடு மிஞ்சிய பெண்களில் அது 51 சதவீதம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஷேன் காம்ப்பெல்-ஸ்டாட்டன், ராபர்ட் பிரிங்கிள் ஆகியோரும், யானைகளை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்துவரும் ஜாய்ஸ் பூலும், மொசாம்பிக்கைச் சேர்ந்த டொமினிக் கொன்சால்வெஸும் சேர்ந்து செய்த ஆய்வு இது. 2021 அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. 1972க்கும் 2000க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் தந்தமில்லாத பெண் பிழைத்திருக்கும் வாய்ப்பு, தந்தமுள்ளவளைவிட ஐந்து மடங்குக்கும் மேல் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

போருக்கு முந்தைய கணக்கு எப்படிக் கிடைத்தது? பழைய படச்சுருள்களிலிருந்து. 1970களில் அந்தக் காட்டில் எடுத்த காட்சிகளை ஓடவிட்டு, ஒவ்வொரு பெண் யானையின் முகத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். கேமராவோடு சஃபாரி போகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். யானையைப் படமெடுத்தால் பக்கவாட்டு முகம் ஒன்று, விரிந்த காது ஒன்று எடுத்து வையுங்கள். காது மடலின் கிழிசலையும் ஓட்டையையும் வைத்துத்தான் ஆய்வாளர்கள் ஒவ்வொரு யானையையும் அடையாளம் காண்கிறார்கள். சூரியன் மறையும் நேரத்து நிழலுருவப் படம் சுவரில் மாட்ட அழகாக இருக்கும், ஆனால் அதிலிருந்து நாளைக்கு எவரும் எதையும் எண்ண முடியாது.

இனி அந்தத் தலைகீழுக்கு வருகிறேன். நாக்கு நுனியால் மேல்வரிசைப் பற்களைத் தடவிப் பாருங்கள். நடுவில் இரண்டு பெரிய பற்கள், அவற்றுக்கு இருபுறமும் சற்றுச் சின்னதாக ஒவ்வொரு வெட்டுப்பல். அந்தச் சின்னப் பல்தான் யானையிடம் நிற்காமல் வளர்ந்து தந்தமாகிறது. ஆய்வுக்குழு தந்தமில்லாத 11 பெண்கள், தந்தமுள்ள 7 பெண்கள் என இரு வகையின் மரபணுத் தொகுதியையும் முழுதாகப் படித்து ஒப்பிட்டது. வித்தியாசம் எக்ஸ் குரோமோசோமில் பிடிபட்டது. அங்கே பல்லின் எனாமலை உருவாக்குவதில் பங்குள்ள அமெல்எக்ஸ் என்ற மரபணு இருக்கிறது. மனிதர்களிலும் எக்ஸ் குரோமோசோமின் இதே பகுதி பாதிக்கப்படும் ஒரு கோளாறு உண்டு. அது வந்த பெண்களுக்கு, நீங்கள் இப்போது தடவிப் பார்த்த அதே பல் சரியாக வளர்வதில்லை. அந்தக் கோளாறுள்ள ஆண் சிசு கருவிலேயே இறந்துவிடும்.

யானையிடமும் அதே கணக்குதான் என்று தெரிகிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் மாற்றம் இருந்தால் தந்தம் வராது, மற்றது அவளைக் காப்பாற்றிவிடும். ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று. மாற்றம் அதில் இருந்துவிட்டால் காப்பாற்ற வேறில்லை. ஆகவே தந்தமில்லாத தாயின் மகள்களில் பாதிப் பேருக்குத் தந்தம் இருக்காது. மகன்களில் பாதிப் பேர் பிறப்பதே இல்லை. அவளுக்குப் பிறந்து உயிரோடிருக்கும் குட்டிகளை எண்ணினால் மூன்றில் இரண்டு பங்கு பெண்ணாக இருக்கிறது. யானைக்குக் கர்ப்பம் 22 மாதம். துப்பாக்கியிலிருந்து தன்னைக் காப்பாற்றிய அந்த மாற்றத்துக்கு அந்தத் தாய் தன் மகன்களைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். படித்ததிலிருந்து எனக்கு இதைத் தாண்டிப் போக முடியவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. தந்தமில்லாத பெண்கள் மிகுந்திருக்கும் காடெல்லாம் இதே கதையைச் சொல்கிறது என்று நினைத்துவிடக்கூடாது. தென்னாப்பிரிக்காவின் ஆடோ சரணாலயத்தில் பெண் யானைகள் கிட்டத்தட்ட எல்லாமே தந்தமில்லாதவைதான். ஆனால் 1931இல் அதை அமைத்தபோது அங்கே மிஞ்சியவை 11 யானைகள். அத்தனை சிறிய கூட்டத்தில் தற்செயலாக எந்தக் குணமும் பெருகிவிடலாம். கோரோங்கோசாவில் அப்படித் தற்செயலாக நேர்ந்திருக்க முடியுமா என்றும் ஆய்வுக்குழு கணக்குப் போட்டுப் பார்த்தது. இந்த அளவு ஏற்றத்துக்கு அந்த விளக்கம் போதவில்லை.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. போருக்குப் பின் பிறந்த பெண்களில் தந்தமில்லாதவை 33 சதவீதம். தாய்மாரின் 51இலிருந்து இறங்கியிருக்கிறது. சுடுவது நின்றால், தந்தமுள்ள பெண்ணுக்கும் பிழைக்க இடம் கிடைக்கும். தந்தம் வீணான உறுப்பும் இல்லை. வறண்ட ஆற்றுப்படுகையில் நீருக்குத் தோண்டவும், உப்பு மண்ணைக் கிளறவும், அடிமரத்துப் பட்டையைக் கிழிக்கவும் அதுதான் கருவி.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கூட்டங்களின் மூத்த பெண்களில் போரைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். வண்டிச் சத்தம் என்றால் அவர்களுக்கு என்ன நினைவு வரும் என்று யோசித்துப் பாருங்கள். கோரோங்கோசாவில் யானைகள் ஜீப்பை விரட்டி வந்த கதைகள் நிறைய. நல்ல வழிகாட்டி தூரத்திலேயே நிறுத்துவார், யானையின் வழியை மறிக்க மாட்டார், கிட்டே வருவதா வேண்டாமா என்பதை அவளிடமே விட்டுவிடுவார். இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போகச் சொல்லி அவரை நச்சரிக்காதீர்கள். பெரிய தந்தமுள்ள களிறு தென்படவில்லை என்று முகம் சுளிக்கவும் வேண்டாம்.

சமவெளியிலேயே ‘சிங்க வீடு’ என்று ஒரு கட்டடம் பாழடைந்து நிற்கிறது. 1940 வாக்கில் முகாமுக்காகக் கட்டினார்கள். மழைக்கால வெள்ளம் சூழவே மனிதர்கள் விட்டுப் போனார்கள், சிங்கங்கள் குடியேறின. 1960களில் படிக்கட்டிலும் மாடியிலும் சிங்கங்கள் படுத்திருப்பதைப் பார்க்கவே பயணிகள் வந்தார்கள். சிங்கங்களைப் பற்றி எழுதும்போது இங்கே திரும்பி வருவேன். இன்றைக்கும் உரேமா சமவெளியில் வெள்ளம்தான் எஜமானன். மழைக்காலத்தில் பாதைகள் மூழ்கிவிடும், ஏப்ரல் வாக்கில்தான் சஃபாரி மறுபடி தொடங்கும்.

காட்டுநாய்களுக்கு இந்த வாரம் இடமில்லாமல் போனது. பக்கம் அச்சுக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. அவை ஏன் தேவைப்பட்டன என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். வேட்டையாடும் விலங்குகள் போரில் அழிந்த பிறகு, ஏரிக்கரையில் வாட்டர்பக் என்னும் நீர்மான்கள் கட்டுக்கடங்காமல் பெருகின. 2018 கணக்கெடுப்பில் அவை 55,000ஐத் தாண்டியிருந்தன. சிறுத்தையும் காட்டுநாயும் இல்லாத துணிச்சலில் புதர்மான்கள் மறைவிடத்தை விட்டுத் திறந்தவெளிக்கே மேய வந்துவிட்டன. அதே 2018இல்தான் தென்னாப்பிரிக்காவிலிருந்து முதல் காட்டுநாய்க் கூட்டம் வந்து இறங்கியது. அது என்ன செய்தது என்பது அடுத்த வாரம்.