வாலையில் வரிசை கிடையாது

நீலகிரியில் தைலம் காய்ச்சும் கொட்டகைக்குள் நுழைந்தால் முதலில் கண் எரியும், பிறகு மூக்கு திறந்துகொள்ளும். பெரிய பாத்திரம் நிறைய யூகலிப்டஸ் இலை, கூடவே தண்ணீர், அடியில் விறகுத் தீ. மூடியிலிருந்து கிளம்பும் குழாய் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி, மறுமுனையில் சொட்டிக்கொண்டிருக்கும். சொட்டியதைச் சற்று நேரம் அசையாமல் வைத்தால் அடியில் தண்ணீர் தங்கும், மேலே தைலம் மிதக்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இந்த மரம் உதகையில் காலூன்றியது 1843இல். நூறு கிலோ இலையைப் போட்டு ஒரு கிலோ தைலம் எடுத்துவிட்டால் நல்ல வரவு.

இந்தக் கொட்டகைக்குள் ஒரு புதிர் இருக்கிறது. தைலத்தின் முக்கியச் சத்தான சினியோல் கொதிப்பது 176 டிகிரி செல்சியஸில். உதகை இருப்பது ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில். காற்றழுத்தம் குறைவான அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை வெப்பம் அதைத் தாண்டாது. 176 டிகிரி கேட்கும் எண்ணெய் 93 டிகிரியில் எப்படி வெளியே வந்தது?

பள்ளிக்கூடத்தில் படித்த பாடத்தை வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது. இரண்டு திரவங்களைச் சேர்த்துச் சூடாக்கினால் கொதிநிலை குறைந்தது முதலில் ஆவியாகிப் போகும், மற்றது தங்கிவிடும் என்றுதான் அங்கே சொல்லித்தந்தார்கள். அது பாதி உண்மை. கொடியில் காயும் வேட்டி 100 டிகிரி வரும்வரை காத்திருப்பதில்லை. எந்தத் திரவமும் எந்த வெப்பநிலையிலும் கொஞ்சம் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். தண்ணீரோடு கலக்காத எண்ணெய், பாத்திரத்துக்குள் தன் பங்கு ஆவியழுத்தத்தைத் தனியாகத் தருகிறது, தண்ணீர் தன் பங்கைத் தருகிறது. இரண்டின் கூட்டுத்தொகை வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டிய கணத்தில் கலவை கொதிக்கத் தொடங்குகிறது. எண்ணெயின் பங்கு சிறியதுதான், ஆனால் அந்தச் சிறிய பங்கால் கொதிநிலை தண்ணீருடையதைவிடவும் ஒரு மயிரிழை கீழே இறங்குகிறது. ஆவி கிளம்பும்போது இரண்டும் சேர்ந்தேதான் கிளம்புகின்றன.

சித்த மருத்துவர்கள் இந்தக் கூட்டு ஆவியைப் பல தலைமுறைகளாகப் பயன்படுத்தி வருகிறார்கள். சித்த மருத்துவத்தின் உள்மருந்து வகைகள் 32. அவற்றில் ஒன்று தீநீர், அதை வடிக்கும் கருவி வாலை. குழந்தைக்கு வயிறு உப்பினால் பாட்டிகள் தேடும் ஓமத் தண்ணீர் இந்த வகையைச் சேர்ந்ததுதான். வீட்டில் வாலை வடித்துப் பார்க்க ஆசைப்படுபவர்கள் தொடங்குவதற்கு ஓமத்தைவிடப் பொருத்தமான சரக்கு இல்லை. விலை குறைவு, மணம் தூக்கல், சட்டச் சிக்கலும் இல்லை.

கண்ணாடிக் குழாயும் குளிர்விப்பானும் வாங்க வேண்டியதில்லை. அகன்ற எவர்சில்வர் குண்டான் ஒன்று, அதன் வாயில் பொருந்தி உட்காரும் அடி உருண்ட சட்டி ஒன்று போதும். 100 கிராம் ஓமத்தை ஒன்றிரண்டாக இடித்து ஒன்றரை லிட்டர் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைக்க வேண்டும். குண்டானின் நடுவே ஒரு தாங்கி, அதன் மேல் வடிவதைப் பிடிக்க ஒரு கிண்ணம். கிண்ணத்தின் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்கட்டும். உருண்டைச் சட்டியைக் குண்டானின் மேல் வைத்து அதில் ஐஸ் தண்ணீர் நிரப்ப வேண்டும். மேலே எழும் ஆவி சட்டியின் குளிர்ந்த அடியில் பட்டு நீராகி, வளைவு வழியே நடுப்பகுதிக்கு ஓடி, நேராகக் கிண்ணத்தில் விழும்.

புதிதாகச் செய்பவர்கள் சறுக்குவது அடுப்பில்தான். சீக்கிரம் முடியட்டும் என்று தீயைக் கூட்டினால், குளிர்வதற்கு முன்பே ஆவி விளிம்பு வழியே தப்பித்துவிடும். வீடெல்லாம் ஓமம் மணந்தால் கிண்ணத்துக்கு வர வேண்டியது காற்றில் போகிறது என்று அர்த்தம். அடுப்பு சிம்மில் இருக்கட்டும். சட்டித் தண்ணீர் வெதுவெதுப்பானதும் மாற்றிவிட வேண்டும். சித்த மருத்துவர்கள் கருவியின் இணைப்புகளைச் சீலைமண் பூசி அடைப்பார்கள். வீட்டில் அப்படி இறுக்க வேண்டாம். ஆவி மிஞ்சினால் சட்டி தானே லேசாக எழும்பி அதை வெளியேற்ற வேண்டும். குக்கரின் விசில் துவாரத்தில் குழாய் மாட்டும் யோசனையும் வேண்டாம், ஓமம் போய் அடைத்துக்கொண்டால் கதை வேறாகிவிடும். அரை லிட்டர் வடிந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் வருவதில் மணம் மெலிந்துவிடும், அடியும் பிடிக்கலாம்.

கிண்ணத்தில் இருப்பது கலங்கலான நீர், அதன் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம். ஓமத்துக்கு அந்தக் காரமான மணத்தைத் தருவது தைமால். அது கொதிக்க 232 டிகிரி வேண்டும், ஆனாலும் நீராவியோடு சேர்ந்து வந்துவிட்டது. தூய தைமால் 50 டிகிரி வரை திடப்பொருள்தான். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ஓம உப்பு இதன் படிகம். முதல் உலகப் போருக்கு முன் ஜெர்மனி தன் தைமாலுக்காக இந்தியாவிலிருந்து ஓமத்தைக் கப்பலில் வரவழைத்து வடித்துக்கொண்டிருந்தது.

மேலே மிதக்கும் எண்ணெயைக் குடிக்கக் கூடாது, தோலில் நேரடியாகத் தடவவும் கூடாது. அதை எடுத்துவிட்டு நீரை மட்டும், கொதிநீரில் கழுவிய புட்டியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். பதப்படுத்தும் பொருள் எதுவும் சேர்க்காததால் சில வாரங்களில் பூஞ்சை பிடிக்கும். கைக்குழந்தைக்கு என்றால் மருத்துவரைக் கேட்ட பிறகே. யூகலிப்டஸ் தைலத்தைச் சிறு அளவில் விழுங்கினாலே குழந்தைகளுக்கு வலிப்பு வரக்கூடும்.

வீட்டில் வடிப்பது என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வேறொன்று. நியூஸிலாந்தில் 1996 முதல், விற்காமல் சொந்த உபயோகத்துக்கு மட்டும் வீட்டிலேயே மது வடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அதற்கான சிறு கருவிகள் அங்கே கடைகளில் வெளிப்படையாகவே விற்கின்றன. அமெரிக்கா 1978இல் வீட்டு பீருக்கு வழிவிட்டபோதுகூட வடித்த மதுவுக்குத் தடையை நீக்கவில்லை. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி ஊறல் போடுவதும் சாராயம் காய்ச்சுவதும் குற்றம்.

காய்ச்சுபவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு, படித்தவர்களும் அதைத் திருப்பிச் சொல்கிறார்கள். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும், சாதாரண ஆல்கஹாலான எத்தனால் 78.4 டிகிரியில் கொதிக்கும், எனவே முதலில் வடிவதைக் கொட்டிவிட்டால் விஷம் போய்விடும் என்பது கணக்கு. இதுவும் அதே பள்ளிப் பாடம்தான். தண்ணீர் மிகுந்த கலவையில் மெத்தனாலைத் தண்ணீர் இறுகப் பிடித்துக்கொள்கிறது. அது முதல் சொட்டிலும் வரும், கடைசிச் சொட்டிலும் வரும். முதல் பகுதியைக் கொட்டுவதால் அசிட்டால்டிஹைடு போன்ற நெடி மிகுந்த பொருள்கள் குறையும், மெத்தனால் விட்டுப்போகாது. எத்தனாலும் தண்ணீருமே அப்படி முழுதாகப் பிரிவதில்லை. எடையில் 95.6 விழுக்காட்டை எட்டியதும், எத்தனை முறை வடித்தாலும் இரண்டும் அதே விகிதத்தில்தான் ஆவியாகும். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலில் மிஞ்சும் தண்ணீரை எடுக்க ஆலைகள் மூலக்கூறுச் சல்லடைகளை நாடுவது இதனால்தான்.

வெல்ல ஊறலில் மெத்தனால் கிட்டத்தட்ட உருவாவதே இல்லை. பழத்தோலில் இருக்கும் பெக்டினிலிருந்துதான் அது கொஞ்சம் வரும். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60 பேருக்கு மேல் பலியானது வாலையில் பிறந்த விஷத்தால் அல்ல. தொழிற்சாலைகளுக்கான மெத்தனாலைச் சாராயம் என்று விற்றார்கள். 2023 மே மாதம் விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் நடந்ததும் அதேதான்.

உடலுக்குள் கல்லீரல் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. பார்வை நரம்பைத் தாக்குவது அந்த அமிலம். மாற்றம் நடக்க நேரம் பிடிப்பதால் குடித்தவருக்குப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே கண் மங்கும், வயிறு வலிக்கும், மூச்சு வாங்கும். அதைப் போதை என்று நினைத்துப் படுக்கவைத்துவிடக் கூடாது. கல்லீரலின் இந்த வேலையைத் தடுத்து நிறுத்த ஃபோமெபிசோல் என்ற மருந்து இருக்கிறது. அது இல்லாத இடத்தில் மருத்துவர்கள் அளந்து கொடுக்கும் எத்தனாலே மாற்று, அமிலம் ஏறிவிட்டால் டயாலிசிஸ். குடித்தவர் கண் மங்குகிறது என்று சொன்னால், 108க்கு அழைத்து உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், என்ன குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.