முதல் கவளத்திற்குப் பின்: குழந்தையின் மலம் சொல்லும் சேதி



ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்களில் சுத்தம் பற்றிய பாடத்தைப் படித்தவர்கள் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கண்டிருப்பீர்கள். பாலைத் தவிர வேறு உணவு உண்ணாத, இரண்டு வயது நிரம்பாத ஆண் குழந்தையின் சிறுநீர் ஆடையில் பட்டால், அந்த இடம் முழுவதும் நனையுமாறு தண்ணீர் தெளித்தால் போதும். அதே குழந்தை உணவு உண்ணத் தொடங்கிவிட்டாலோ கழுவியே ஆக வேண்டும். பால் மட்டும் அருந்தும் பருவம் வேறு, உணவு உண்ணும் பருவம் வேறு என்று மார்க்கச் சட்டமே பிரித்துக் காட்டுகிறது.

இந்தப் பருவ மாற்றம் நம் வீட்டில் நிகழும்போது மட்டும் நாம் பதறிப் போகிறோம். ஆறு மாதம் நிறைந்த பிள்ளைக்கு பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் கஞ்சியை ஊட்டுகிறோம். மூன்றாம் நாள் மலத்தின் நிறம் மாறுகிறது. இதுவரை இல்லாத நாற்றம் வீசுகிறது. "கஞ்சி ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடு" என்கிறார் வீட்டில் மூத்தவர். தாயும் நிறுத்திவிடுகிறாள். பிறக்கும்போது குழந்தை தன் உடலில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து ஏறத்தாழ ஆறு மாதத்தில் குறைந்துவிடுகிறது. அதன்பின் தாய்ப்பால் தொடர வேண்டும். ஆனால் தாய்ப்பால் மட்டும் போதாது. தேவையற்ற அச்சத்தால் உணவை நிறுத்தினால் இரத்தசோகையும் எடைக்குறைவும் மெல்ல வந்து சேரும்.

ஏன் மாறுகிறது?

தாய்ப்பால் பெரும்பாலும் முழுமையாகச் செரித்துவிடும். எனவே பால் குடிக்கும் பிள்ளையின் மலம் கடுகை அரைத்தாற்போல் மஞ்சளாக, இளக்கமாக, அதிக நாற்றமின்றி இருக்கும். சோறு, பருப்பு, கீரை, பழம் ஆகியவற்றில் மாவுச்சத்தும் புரதமும் நார்ச்சத்தும் உண்டு. அவை குடலைச் சென்றடைந்ததும் அங்கு வாழும் நுண்ணுயிர்களின் கூட்டமே மாறத் தொடங்குகிறது. ஆகவே மலம் கெட்டிப்படும், பழுப்பு நிறம் பெறும், நாற்றமும் கூடும். இது நோயன்று, வளர்ச்சியின் அடையாளம்.

பிள்ளைக்குப் பல் இல்லை, மெல்லவும் தெரியாது. எனவே கேரட் துணுக்கும் பட்டாணித் தோலும் தக்காளித் தோலும் அப்படியே வெளிவரலாம். பீட்ரூட் கொடுத்தால் மலம் சிவக்கும். கீரை கொடுத்தால் பச்சையாகும். வாழைப்பழம் கொடுத்தால் கறுப்பு நூல் போன்ற இழைகள் தென்படும். அவற்றைப் புழு என்று எண்ணிப் பூச்சி மருந்து கொடுத்துவிடாதீர்கள். இரும்புச்சத்துச் சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில் மலம் கருமையாகும். நிறம் மாறியதும், முந்தைய நாள் என்ன ஊட்டினோம் என்று முதலில் நினைத்துப் பாருங்கள். புதிய உணவை ஒவ்வொன்றாகத் தொடங்கி, அடுத்ததற்கு மூன்று நாள் இடைவெளி விட்டால் இந்தக் கணக்கு எளிதாகும்.

இறுகிப் போனால்

நாள்தோறும் போகவில்லை என்பதால் மட்டும் அது மலச்சிக்கல் ஆகாது. முகம் சிவக்க முக்கினாலும், வெளிவருவது மிருதுவாக இருந்தால் கவலை வேண்டாம். ஆட்டுப் புழுக்கை போல் உருண்டை உருண்டையாக, காய்ந்து, பிள்ளை வலியில் அழுதால்தான் மலச்சிக்கல். அரிசிக் கஞ்சியை மட்டுமே திரும்பத் திரும்பக் கொடுக்கும் வீடுகளில் இது அதிகம். கஞ்சியோடு பருப்பும் மசித்த காயும் சேருங்கள். பப்பாளி, பேரிக்காய் ஆகியவற்றைக் குழைத்துக் கொடுங்கள். பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி, ஊறவைத்து, தோலின்றி மசித்துச் சிறிதளவு ஊட்டலாம். உணவு தொடங்கிய பின் காய்ச்சி ஆறிய தண்ணீரைச் சில மிடறுகள் கொடுக்கலாம். அது பாலின் இடத்தைப் பிடித்துவிடக் கூடாது.

வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி ஆசனவாயில் வைப்பதும், சோப்புத் துண்டைச் செருகுவதும் வேண்டவே வேண்டாம். மென்மையான அந்த இடம் புண்ணாகும். வலிக்கு அஞ்சிப் பிள்ளை மலத்தை அடக்கப் பழகிவிடும்.

தேன் பற்றியும் ஒரு சொல். தேனில் நிவாரணம் உண்டு என்பது நம் நம்பிக்கை. ஆயினும் எந்த மருந்துக்கும் வயதும் அளவும் உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில், தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் முளைத்து நஞ்சை உண்டாக்க வல்லவை. அந்த நோயின் முதல் அறிகுறியே பெரும்பாலும் மலச்சிக்கல்தான். பின்னர் கழுத்தும் கைகால்களும் துவளும். எனவே முதல் பிறந்த நாள் கடக்கும் வரை தேன் வேண்டாம்.

கழிச்சல் கண்டால்

வழக்கத்திற்கு மாறாக, ஒரே நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ நீராகப் போனால் அது வயிற்றுப்போக்கு. இதற்குக் காரணம் பெரும்பாலும் உணவு வகையன்று. கிண்ணத்திலும் கரண்டியிலும் நம் கையிலும் ஒட்டியிருக்கும் கிருமிகளே. ஊட்டும் முன்பும், மலம் கழுவிய பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். காலையில் செய்த கஞ்சியை மாலை வரை வைத்திருந்து ஊட்டாதீர்கள். பச்சைப் பிள்ளையின் மலம்தானே என்று வாசலில் எறியாமல் கழிப்பறையில் போடுங்கள்.

வயிற்றுப்போக்கின்போது தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்துவதுதான் நம் வீடுகளில் நிகழும் பெரும் பிழை. இரண்டும் தொடர வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை உறையில் குறித்துள்ள அளவுத் தண்ணீரில் முழுவதுமாகக் கரைத்து, ஒவ்வொரு முறை கழிந்த பின்பும் 50 முதல் 100 மில்லி லிட்டர் வரை கரண்டியால் மெல்ல மெல்லக் கொடுங்கள். கரைத்த நீரை 24 மணி நேரத்திற்கு மேல் வைக்காதீர்கள். மருத்துவர் தரும் ஜிங்க் மாத்திரையை, கழிச்சல் நின்ற பின்னும் 14 நாள் நிறைவாகக் கொடுங்கள். பெரியவர்களுக்கான கழிச்சல் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது உயிருக்கே உலை வைக்கும்.

தாமதிக்கக் கூடாத அடையாளங்கள்

கண் குழி விழுதல், உச்சிக்குழி உள்வாங்குதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, பால் குடிக்க மறுத்தல், சோர்ந்து கிடத்தல் ஆகியவை உடல் நீர் வற்றியதன் அடையாளங்கள். மலத்தில் இரத்தமும் சளியும் தென்படுதல், மலம் சுண்ணாம்பு போல் வெளுத்திருத்தல், இரும்பு மருந்து கொடுக்காமலே தார் போல் கறுத்திருத்தல் ஆகியவற்றையும் அலட்சியம் செய்யாதீர்கள். மலத்திற்கு நிறம் தருவது பித்த நீர். வெளுத்த மலம், பித்த நீர் குடலை எட்டவில்லை என்று பொருள்.

இன்னொன்றை நன்கு நினைவில் வையுங்கள். குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் செருகிக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு. நாம் கஞ்சி தொடங்கும் இந்த வயதில்தான், ஐந்து மாதம் முதல் ஒன்பது மாதம் வரை, அது அதிகமாக வருகிறது. நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடும், சற்று அடங்கும், மீண்டும் வீறிடும். வாந்தி வரும்; பின்னர் சிவந்த கூழ் போன்ற மலம் வரலாம். அப்போது உரம் விழுந்துவிட்டது என்று சேலையில் இட்டு உருட்டுவதற்கோ, கஞ்சி சேரவில்லை என்று கஷாயம் காய்ச்சுவதற்கோ நேரமில்லை. உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். உரிய நேரத்தில் சென்றால் பெரும்பாலும் அறுவையின்றியே சரிசெய்ய இயலும்.

சகோதரிகளே! இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவது பற்றி அல்-பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் பேசுகிறது. அந்தக் காலம் முழுவதும் பாலும் உணவும் கைகோத்துச் செல்லட்டும். பிள்ளை சிரித்து விளையாடுகிறதா, பால் குடிக்கிறதா, சிறுநீர் கழிக்கிறதா, எடை கூடுகிறதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால், துணியில் காணும் புதிய நிறத்தைக் கண்டு கலங்காமல் அடுத்த கவளத்தை ஊட்டுங்கள். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட இந்த அமானிதங்களை நலமுடன் வளர்த்தெடுக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.