சட்டைப் பையில் தைத்துவிட்ட போன் நம்பர்

ஒரு துணிக்கடைக்கு இணையதளம் செய்து கொடுத்தேன். நன்றாக வந்திருந்ததால் அதே தீமில் லோகோவையும் நிறத்தையும் மாற்றி ஒரு பல் மருத்துவருக்கும் போட்டுக் கொடுத்தேன். இரண்டே நாளில் கடைக்காரர் கூப்பிட்டார்: "தம்பி, பல் வலிக்குதுன்னு எங்க கடைக்குப் போன் பண்றாங்கப்பா!" பக்கத்தின் அடியில் வரும் ஃபூட்டர் கோப்பில் கடையின் எண்ணை அப்படியே தட்டி வைத்திருந்தேன்.

('தீம்' என்பதோடு 'ஐ' சேர்த்தால் 'தீமை'. நான் எழுதியதற்கு அது பொருத்தம்தான்.)

இரண்டு தளமும் ஓடுவது வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில். அது 2003-இல் வந்தது. தீம் வசதி 2005-இல், 1.5 பதிப்பில். எழுத்தும் தகவலும் தரவுத்தளத்தில் இருக்கும், தோற்றம் மட்டும் தனி ஃபோல்டரில் இருக்கும்; அதுதான் தீம். அந்த ஃபோல்டரைக் கழற்றி இன்னொரு தளத்தில் மாட்டலாம். மாட்டும்போது பழைய முதலாளியின் வாடை வரக்கூடாது. வேலையே அதில்தான் இருக்கிறது.

மறுசீரமைக்க உட்கார்ந்ததும் முதலில் நிறங்களைத் தேடினேன். துணிக்கடைக்கு வைத்த அரக்கு நிறத்தின் குறியீடு 37 இடங்களில் கிடந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரே இடத்தில் மாறியாக வைத்தேன். 2021-இல் வந்த 5.8 பதிப்பிலிருந்து இதற்கென்றே தீம்.ஜேசன் என்ற கோப்பு இருக்கிறது. மாறிக்கு 'அரக்கு' என்று பெயர் வைத்துவிடாதீர்கள். பல் மருத்துவரின் தளத்தில் 'அரக்கு என்றால் நீலம்' என்று எழுத வேண்டிவரும். 'முதன்மை நிறம்' போதும்.

அடுத்தது கோப்புகள். 'புடவை' என்ற பிரிவை யாராவது திறந்தால், அந்தப் பெயரிலேயே ஒரு கோப்பு தீமில் இருக்கிறதா என்று வேர்ட்பிரஸ் பார்க்கும். இல்லையென்றால் பிரிவின் எண்ணில் தேடும். அப்புறம் எல்லாப் பிரிவுக்கும் பொதுவான கேட்டகரி.பிஎச்பி, அதுவும் இல்லையென்றால் ஆர்க்கைவ்.பிஎச்பி, கடைசியில் இண்டெக்ஸ்.பிஎச்பி. நான் புடவைக்கு ஒன்று, வேட்டிக்கு ஒன்று என்று கோப்பு போட்டிருந்தேன். பல் மருத்துவருக்கு வேட்டி எதற்கு? பொதுவானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தேன்.

ஒரு கடைக்கு மட்டும் வேண்டிய அலங்காரம் சைல்ட் தீமுக்குப் போகட்டும். அதன் ஸ்டைல்.சிஎஸ்எஸ் கோப்பின் தலைப்பில் தாய்த் தீமின் ஃபோல்டர் பெயரைக் குறிப்பிட்டு, மாறும் கோப்புகளை மட்டும் அதில் வைத்தால் போதும். தாயைப் புதுப்பித்தாலும் பிள்ளையின் கோப்புகள் அழியாது.

தமிழ்த் தளம் என்றால் இன்னொன்று. ஆங்கிலத்துக்கென்று வைத்த வரி இடைவெளியில் மேல்வரி 'பூ'வின் வாலும் கீழ்வரி 'கி'யின் கொக்கியும் முட்டிக்கொள்ளும். நான் எழுத்தளவைப்போல் 1.7 மடங்கு வைக்கிறேன். 'தொடர்புகொள்வதற்கு' போன்ற தலைப்பு செல்போன் திரையைத் தாண்டி ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

மருத்துவரின் சிகிச்சைப் பட்டியலுக்கான பதிவு வகையைத் தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் பதிவுசெய்திருந்தேன். தீம் மாறினால் பட்டியல் தரவுத்தளத்தில் இருக்கும், ஆனால் தளத்தில் கண்ணுக்குத் தெரியாது. அதன் இடம், தீம் மாறினாலும் தங்கும் பிளக்இன்.

உங்கள் தீம் எப்படி என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. தளத்தை நகலெடுத்து, வேர்ட்பிரஸோடு வரும் ஏதாவது ஒரு தீமுக்கு மாற்றிப் பாருங்கள். அழகு போனால் பரவாயில்லை. தகவல் காணாமல் போனால், அதைத் தீமிலிருந்து வெளியே எடுங்கள். நகலில்தான், ஓடுகிற தளத்தில் வேண்டாம்.