தெரிந்ததையே ஏன் உரக்கச் சொல்ல வேண்டும்?

மூன்று பிள்ளைகள் தோட்டத்தில் புரண்டு விளையாடிவிட்டு வருகிறார்கள். மூவர் நெற்றியிலும் சேறு. அடுத்தவர் நெற்றி கண்ணுக்குத் தெரிகிறது. தன் நெற்றி தெரியவில்லை. “உங்களில் ஒருவர் நெற்றியிலாவது சேறு இருக்கிறது” என்கிறார் அப்பா. பிறகு கேட்கிறார்: “தன் நெற்றியில் சேறு இருப்பது யாருக்காவது தெரியுமா?” பதில் இல்லை. மறுபடியும் கேட்கிறார். அப்போதும் மௌனம். மூன்றாம் முறை கேட்டதும் மூவரும் ஒன்றாக, “எனக்குத் தெரியும்” என்கிறார்கள்.

பிள்ளைகள் பொய் சொல்லாதவர்கள், நன்றாக யோசிப்பவர்கள் என்று வைத்துக்கொண்டால் இதில் மாயம் எதுவும் இல்லை. ஆனால் அப்பா சொன்னதில் புதிதாக என்ன இருந்தது? ஒவ்வொரு பிள்ளையும் ஏற்கெனவே இரண்டு சேற்று நெற்றிகளைப் பார்த்துக்கொண்டுதானே நின்றது? இருந்தும் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் எத்தனை முறை கேட்டாலும் யாருக்கும் விடை கிடைக்காது.

இதை அவிழ்க்கும் கருவியைத் தந்தவர் பின்லாந்தின் தத்துவ அறிஞர் யாக்கோ ஹின்டிக்கா (1929–2015). கேம்பிரிட்ஜில் தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைனின் பேராசிரியர் பதவிக்கு அடுத்து வந்த வான் ரைட்டின் மாணவர். 1962இல் வெளிவந்த ‘அறிவும் நம்பிக்கையும்’ என்ற நூலில் அவர் முன்வைத்த கருத்து மிக எளியது. உலகம் எப்படியெல்லாம் இருக்கக்கூடும் என்று நம் கையிலுள்ள தகவல் இடம்தருகிறதோ, அந்த எல்லா நிலைகளிலும் ஒன்று உண்மையாக இருந்தால், அது நமக்குத் ‘தெரியும்’. நம்பிக்கைக்கும் இதே இலக்கணம்தான், ஒரு வேறுபாட்டோடு: நாம் நம்பும் நிலைகளில் நிஜ உலகம் இல்லாமலே போகலாம். அதனால்தான் நம்பிக்கை பொய்க்கும், அறிவு பொய்க்காது.

இப்போது பிள்ளைகளிடம் திரும்பலாம். மூன்று நெற்றிகள், சேறு உண்டு அல்லது இல்லை: மொத்தம் 8 நிலைகள். அப்பாவின் சொல், யாருக்கும் சேறு இல்லை என்ற நிலையை அடித்துவிடுகிறது; மீதி 7. ஒருவருக்கு மட்டும் சேறு என்றால், அவர் மற்ற இரு சுத்தமான நெற்றிகளைப் பார்த்ததும் முதல் கேள்விக்கே பதில் சொல்லியிருப்பார். யாரும் சொல்லவில்லை, எனவே மேலும் 3 நிலைகள் போயின. இருவருக்குச் சேறு என்றால் அவர்கள் இரண்டாம் கேள்விக்குச் சொல்லியிருப்பார்கள். அந்த மௌனத்தில் இன்னும் 3 போயின. மிச்சம் ஒன்றே ஒன்று. மௌனமும் ஒரு செய்திதான் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் கணக்கு வேறெதையும் நான் பார்த்ததில்லை.

அப்பா பேசுவதற்கு முன் என்ன குறை? மூத்தவள் இப்படி யோசிக்கலாம்: ‘என் நெற்றி சுத்தமாக இருக்கலாம். அப்படியானால் நடுவில் உள்ளவன் கடைக்குட்டியிடம் மட்டுமே சேற்றைப் பார்ப்பான். தன் நெற்றியும் சுத்தமாக இருக்கலாம் என்று நினைப்பான். அது உண்மையானால் கடைக்குட்டி கண்ணில் சேறே படாது.’ ஆக, சேறு இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ‘அவனுக்குத் தெரியும் என்று இவனுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்’ என்ற சங்கிலி மூன்றாம் கண்ணியில் அறுந்துபோகிறது. எல்லோர் காதிலும் விழும்படி, எல்லோர் முன்னிலையிலும் சொன்னதுதான் அந்தச் சங்கிலியை முடிவில்லாமல் நீட்டியது. எல்லோருக்கும் தெரிவது வேறு, பகிரங்கமாவது வேறு.

தத்துவத்தில் பிறந்த இந்தக் கருவியைப் பொருளாதாரமும் கணினி அறிவியலும் கையில் எடுத்தது இதனால்தான். முரண்பட்ட மதிப்பீடுகள் பகிரங்கமான பிறகும் நீடிக்க முடியுமா என்று 1976இல் ராபர்ட் அவ்மன் ஆராய்ந்தார். செய்தி வழியில் தொலைந்துபோகலாம் என்றால், எத்தனை முறை ‘கிடைத்தது’, ‘கிடைத்தது என்ற செய்தியும் கிடைத்தது’ என்று பதில் அனுப்பிக்கொண்டாலும் இரு கணினிகளுக்கிடையே பகிரங்க அறிவு உண்டாகாது என்பதை 1984இல் ஜோசப் ஹால்பர்னும் யோராம் மோசஸும் விளக்கினார்கள். இந்தத் துறைகளைச் சேர்ந்தவர்கள் கூடும் சர்வதேச மாநாடு ஒன்று 2013 ஜனவரியில் சென்னையில் நடந்தது.

ஹின்டிக்காவின் கருவியில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. அதை அவரும் அறிந்திருந்தார். அவர் இலக்கணப்படி, ஒன்றை அறிந்தவர் அதிலிருந்து தர்க்கமாகப் பிறக்கும் அனைத்தையும் அறிந்தவராகிவிடுகிறார். பெருக்கல் விதிகள் தெரிந்தவருக்கு, பல நூறு இலக்கங்கள் கொண்ட எண்ணின் பகாக் காரணிகளும் தெரிந்திருக்க வேண்டும். நிஜத்தில் அவற்றைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம் என்பதை நம்பித்தான் இணையத்தில் பல ரகசியக் குறியீடுகள் இயங்குகின்றன. மனிதரின் குறுகிய நேரத்தையும் கணிக்கும் திறனையும் கணக்கில் கொள்ளாத அறிவின் இலக்கணம் என் பார்வையில் அரைகுறையானதே. இதைச் சரிசெய்யப் பல வழிகள் வந்துள்ளன: ஒரு கேள்வி ஒருவர் சிந்தனைக்கு எட்டியிருந்தால்தான் விடை தெரியும் என்று கொள்வது ஒன்று, அதைக் கண்டுபிடிக்கும் செய்முறை அவர் கையில் இருந்தால்தான் தெரியும் என்பது இன்னொன்று. இவற்றுள் எது சரி என்பதில் துறையினர் இன்னும் ஒத்துப்போகவில்லை.