உங்களுக்குத் தெரியுமா? – தோட்டாவின் எண்ணை நம்பலாமா?

● 'பாயின்ட் 38' ரிவால்வர் என்கிறோமே, அதன் குண்டு 0.38 அங்குலம் கிடையாது, 0.357 அங்குலம்தான். ஆரம்பத்தில் குண்டு, பித்தளைக் கூட்டின் பருமனுக்கே இருந்தது. பிறகு கூட்டுக்குள் இறங்கும்படி அதை மெலிய வைத்தார்கள். பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. 1935இல் வந்த .357 மேக்னத்துக்கும் அதே பருமன் குண்டுதான், வேகம்தான் பயங்கரம். பழைய ரிவால்வரில் தெரியாமல் போட்டுவிடக் கூடாது என்று மேக்னத்தின் கூட்டைச் சுமார் 3 மி.மீ. நீட்டிவிட்டார்கள்.

● 9 மி.மீ. பெரிதா, .45 பெரிதா? அமெரிக்காவில் இது ஓயாத பட்டிமன்றம். 9 மி.மீ. குண்டு சுமார் 8 கிராம்; விநாடிக்கு 360 மீட்டர் பாயும். .45 குண்டு 15 கிராம். வேகம் 255 மீட்டர். கணக்குப் போட்டால் இரண்டின் ஆற்றலும் ஏறக்குறைய 500 ஜூல்! எடை பாதியானாலும் வேகத்தின் வர்க்கம் ஈடுகட்டிவிடுகிறது. .45 ஒலியைவிட மெதுவாகப் போவதால் காற்றைக் கிழிக்கும் 'படீர்' சத்தம் அதில் எழாது. சைலன்சருக்குத் தோதானது.

● .45க்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு கசாப்புக் கூடம். பிலிப்பைன்ஸில் மோரோ வீரர்கள் .38 குண்டு பட்டும் நிற்காமல் பாய்ந்து வந்ததில் அமெரிக்க ராணுவம் மிரண்டுபோனது. 1904இல் மனித சடலங்களையும், சிகாகோ கசாப்புக் கூடத்தில் உயிருள்ள மாடுகளையும் சுட்டுப் பார்த்து, '.45க்குக் குறையக் கூடாது' என்று அறிக்கை எழுதினார்கள். இன்றைக்கு யாரும் அதை அறிவியல் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

● 1986 ஏப்ரலில் மியாமியில் நடந்த மோதலில் எஃப்.பி.ஐ. இரண்டு பேரைப் பறிகொடுத்தது. கொள்ளையன் உடம்பில் பாய்ந்த 9 மி.மீ. குண்டு ஒன்று இதயத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே நின்றுவிட்டிருந்தது. பழி முழுக்க 9 மி.மீ. தலையில் விழுந்தது. மாடுகளுக்குப் பதில் ஜெலட்டின் கட்டியில் சோதனை. குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை இறங்க வேண்டும் என்பது விதி. 10 மி.மீ. வந்தது, உதைப்பு தாங்கவில்லை. 1990இல் .40 வந்தது. அதற்குள் குண்டுத் தயாரிப்பே தேறிவிட, 2010களில் எஃப்.பி.ஐ. மறுபடி 9 மி.மீ.க்கே திரும்பியது!

● ஒலிம்பிக் 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் சுடும் .22 குண்டின் ஆற்றலும், மணிக்கு 145 கி.மீ. வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் ஆற்றலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பந்து 160 கிராம், குண்டு இரண்டரை கிராம் சொச்சம். பந்து கன்றிப்போக அடிக்கும், குண்டு துளைக்கும்.

● சினிமாவில் சுடப்பட்ட வில்லன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பறப்பாரே? .45 குண்டு 70 கிலோ ஆளைத் தள்ளக்கூடிய வேகம் விநாடிக்கு 5 சென்டிமீட்டர் சொச்சம். மீதியெல்லாம் ஸ்டன்ட் மாஸ்டர் இழுக்கும் கயிறு.

● 9 மி.மீ.க்கு .380 என்றொரு தம்பி உண்டு. குண்டின் பருமன் அதேதான், கூடுதான் 2 மி.மீ. குட்டை, ஆற்றல் பாதி சொச்சம். 'இதெல்லாம் ஒரு தோட்டாவா' என்று துப்பாக்கிப் பிரியர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். 1914இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சாய்த்து உலகப் போருக்குத் தீ வைத்ததும், 1948 ஜனவரி 30 அன்று டெல்லி பிர்லா மாளிகையில் காந்தியைக் கொன்றதும் இந்த .380தான்.