வெங்காயத் தோலும் கன்னத்துச் செல்லும்

பள்ளி ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் அடியில் முதலில் வைக்கப்படுவது பெரும்பாலும் வெங்காயத் தோல்தான். செதிலின் உட்புற மென்தோலை உரித்து, சாஃப்ரனின் சாயம் ஒரு சொட்டு விட்டால் நீள்சதுர அறைகள் வரிசையாகத் தெரியும். கன்னத்தின் உட்புறத்தை மெல்லச் சுரண்டி, மெத்திலீன் நீலம் விட்டுப் பார்த்தாலோ, ஒழுங்கான உருவமில்லாத தட்டைச் செல்கள் சிதறிக் கிடக்கும். முன்னது தாவர செல், பின்னது விலங்கு செல்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் செல் சுவர். எதை உள்ளே விடுவது, எதை வெளியே அனுப்புவது என்று கட்டுப்படுத்தும் செல் சவ்வு இரண்டுக்கும் உண்டு. தாவர செல்லில் அந்தச் சவ்வுக்கும் வெளியே, செல்லுலோஸாலான விறைப்பான சுவர் இருக்கிறது. ராபர்ட் ஹூக் 1665-இல் வெளியிட்ட நூலில் தக்கைச் சீவலில் கண்டதாக எழுதிய 'செல்'கள், உயிர் போனபின் மிஞ்சிய இந்தச் சுவர்களே.

சுவர் என்ன செய்கிறது என்பது தண்ணீர் பட்டால் விளங்கும். இரத்தச் சிவப்பணுவைத் தூய நீரில் போட்டால் நீர் உள்ளே புகுந்து, அது உப்பி வெடித்துவிடும். அதனால்தான் மருத்துவமனையில் வெறும் நீரை நரம்பில் ஏற்றாமல் 0.9 சதவீத உப்புக் கரைசலை ஏற்றுகிறார்கள். இலைச் செல்லிலும் நீர் புகும். சுவர் தாங்கிக்கொள்வதால் வெடிக்காது. முதிர்ந்த தாவர செல்லின் நடுவே இடத்தின் பெரும்பகுதியை அடைத்திருக்கும் நுண்குமிழ் நீரால் நிரம்பி, சுவரை உள்ளிருந்து அழுத்துகிறது. எலும்பில்லாத கீரைத் தண்டு நிமிர்ந்து நிற்பது இந்த அழுத்தத்தால்தான். நீர் குறைந்தால் அழுத்தம் தளர்ந்து கீரை வாடும். தண்ணீர் தெளித்தால் மறுபடி விறைக்கும்.

விலங்கு செல்லுக்குச் சுவர் இல்லாததும் ஒரு வசதியே. தசைச் செல் சுருங்கவும், வெள்ளையணு ஊர்ந்து போய்க் கிருமியை விழுங்கவும் முடிவது அதனால்தான்.

மாணவர்கள் பலர் ஓரிடத்தில் தவறுகிறார்கள்: தாவரத்துக்குப் பசுங்கணிகம், விலங்குக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பிரித்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. பசுங்கணிகம் ஒளியைக் கொண்டு சர்க்கரையைத் தயாரிக்கிறது. அதைச் சிதைத்து, செல்லுக்குத் தேவையான ஆற்றலை ஏடிபி மூலக்கூறாக எடுத்துத் தருவது மைட்டோகாண்ட்ரியா. தாவரத்துக்கு இரண்டும் வேண்டும். வெளிச்சம் படாத வெங்காயச் செதிலிலும் வேரிலும் பசுங்கணிகம் இருக்காது, மைட்டோகாண்ட்ரியா இருக்கும். இவை இரண்டுக்கும் சொந்த டிஎன்ஏ உண்டு என்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டும் செய்தி. இவை ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்கள், பிறகு வேறொரு செல்லுக்குள் குடியேறியவை என்று 1967-இல் லின் மார்குலிஸ் வாதிட்டார். இன்று அது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

மற்றவை பெரும்பாலும் இரண்டுக்கும் பொது. உட்கருவில் இருக்கும் டிஎன்ஏவின் குறிப்புப்படி ரைபோசோம்கள் புரதத்தைக் கட்டுகின்றன. எண்டோபிளாச வலை அதில் ஒரு பகுதியைப் பக்குவப்படுத்திக் கடத்துகிறது. கோல்கை உறுப்பு தரம் பிரித்து உரிய இடத்துக்கு அனுப்புகிறது. விலங்கு செல்லில் கழிவைச் செரிப்பவை லைசோசோம்கள். தாவரத்தில் அந்த வேலையின் பெரும்பங்கு நுண்குமிழுடையது. விலங்கு செல்லில் உள்ள சென்ட்ரியோல் பூக்கும் தாவரங்களில் இல்லை.

செல் பிரியும்போதும் சுவரின் செல்வாக்கு தெரியும். விலங்கு செல் நடுவில் இறுகி இரண்டாகப் பிரியும். தாவர செல்லின் விறைத்த சுவர் அப்படி இறுகாது. எனவே நடுவில் செல் தட்டு ஒன்று உருவாகி, வெளிப்புறமாக வளர்ந்து புதிய சுவராகிறது.

எல்லா உறுப்புகளையும் அடக்கிய பாடநூல் படம் ஒரு பொது வரைபடம் மட்டுமே. நம் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை; ஹீமோகுளோபினுக்கு இடம் விட்டு அவை நீங்கிவிடுகின்றன. மரத்தில் நீரை மேலே கொண்டுசெல்லும் சைலக் குழாய்ச் செல்களோ, உள்ளிருப்பதையெல்லாம் இழந்து சுவர் மட்டுமே மிஞ்சியபின்தான் வேலையைத் தொடங்குகின்றன.