நோட்டு செல்லாத மாதத்தில் நடந்த கடை

2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் அவைதான். ஆறே நாளில் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் பழைய நோட்டை வாங்கக் கூடாது என்றது ரிசர்வ் வங்கி. சிதம்பரம் பக்கம் அப்போது சம்பாவுக்கு மேலுரம் வைக்கிற நேரம். உரக்கடையில் புது நோட்டு கேட்டாங்க. யாரிடம் இருந்தது?

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால், விற்ற காசு திரும்பி வரும்வரை கையிலிருந்து எவ்வளவு இறைக்கணும் என்றுதான் முதலில் பார்ப்பேன். சிறு வியாபாரம் பெரும்பாலும் நஷ்டத்தால் படுப்பதில்லை. இந்த இடத்தில் ரொக்கம் வறண்டுதான் படுக்கும்.

என் வயலில் மாப்பிள்ளைச் சம்பா, சொந்த விதை. உரம், தொழுவத்துச் சாணமும் கோமியமும் கரைத்த ஜீவாமிர்தம். ரொக்கம் கேட்டது கூலி மட்டும். அதிலும் பாதியைப் பத்தாயத்து நெல்லாகவே வாங்கிக்கிட்டாங்க. பழைய 500 ரூபாய்க்கு அரசு நிலையங்களில் விதை வாங்கலாம் என்று 21-ஆம் தேதி அனுமதி வந்தது. எனக்கு அது தேவைப்படவில்லை.

என்னிடம் அரிசி எடுக்கும் கடலூர் கடைக்காரர் இன்னும் கெட்டி. பண்ருட்டி முந்திரி, செக்கு எண்ணெய், என் அரிசி என்று எல்லாம் ஐம்பது கிலோமீட்டருக்குள். பாக்கெட் கிடையாது, பையும் பாட்டிலும் வாடிக்கையாளருடையது. தூரத்து மொத்த வியாபாரிக்கு முன்பணம் கட்டும் வேலையே இல்லை. அந்த மாதம் அவர் பற்று நோட்டில் எழுதிக் கொடுத்தார். நானும் அவருக்கு அப்படியே.

அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. விளைச்சல் குறைஞ்சுதான் போச்சு, ஆனால் உரக் கடனுக்கு வட்டி இல்லை. பொங்கலுக்கு முன்னாடி கடைக்காரர் பாக்கியில் முக்கால்வாசியைக் கணக்கில் போட்டார். மீதிக்கு முந்திரி வந்தது.